மன்னார் வளைகுடாவில் இத்தனை உயிரினங்கள் இருந்தும், கடலில் இருந்து மருந்து ஏன் வரவில்லை?

கேட்டவர் விலங்கியல் இறுதியாண்டு மாணவர். "கடற்பஞ்சில் புற்றுநோய்க்கு மருந்து, கடல் அட்டையில் மூட்டுவலிக்கு மருந்து என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்த மருந்துகள் எந்தக் கடையில் கிடைக்கின்றன? எங்கள் ஊர்க் கடலில் இருந்து ஒன்றாவது வந்திருக்கிறதா? இந்த ஆராய்ச்சிக்கு நான் வரலாமா?" என்று கேள்வியோடு சேர்த்த விளக்கத்தில் எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், கேட்ட வரிசையில் அல்ல.

என் ஆராய்ச்சிப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் பல காலைப் பொழுதுகள் சங்காயக் குவியலுக்கு முன்னால் குந்தியபடியே போயின. விசைப்படகின் மடிவலையில் விலைக்கு ஆகாத பொடிமீனும் நண்டும் சிப்பியும் கலந்து வருமே, அதைத்தான் சங்காயம் என்பார்கள். கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு. அந்தக் குவியலுக்குள் கறுப்பாக, மஞ்சளாக, சில நாள் செங்கல் நிறத்தில் கடற்பஞ்சுத் துண்டுகள் கிடக்கும். கடற்பஞ்சு என்பது கடலடியில் ஒட்டி வளரும், நகராத ஒரு விலங்கு. மீன் கூடையை ஏற்றுகிற அவசரத்தில் இருந்தாலும், படகுக்காரர்கள் எனக்காக அவற்றைக் காலால் ஒதுக்கி வைப்பார்கள். எந்தப் பக்கம், எத்தனை பாகம் ஆழத்தில் மடி இழுத்தார்கள் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தத் துண்டுகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான் என் வேலை.

முதலில் உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஒரு எண்ணத்தைத் திருத்த வேண்டும். கடலில் இருந்து மருந்து வந்திருக்கிறது. நீங்கள் அதைக் கடந்தும் போயிருப்பீர்கள், கடல் மருந்து என்று தெரிந்திருக்காது.

வெர்னர் பெர்க்மான் என்ற வேதியியலாளர் 1945-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையோரத்தில் ஒரு கடற்பஞ்சைச் சேகரித்தார். அதில் இருந்து அவர் பிரித்தெடுத்த சேர்மங்கள் டி.என்.ஏ.யின் கட்டுமானப் பொருளைப் போலவே இருந்தன. ஆனால் சர்க்கரை மட்டும் வேறு: வழக்கமான ரைபோஸ் வகைக்குப் பதிலாக அராபினோஸ். ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி கீழே நிற்பதற்குப் பதிலாக மேலே திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வேகமாகப் பிரிகிற ஒரு செல்லுக்கு அந்தச் சிறு திருப்பமே போதும். இதைத் தன் சரக்கு என்று எடுத்து டி.என்.ஏ.யில் கோத்துவிடும், அதற்கு மேல் சங்கிலியை நீட்ட முடியாமல் திணறும். இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு வேதியியலாளர்கள் செய்த மருந்துதான் சைட்டராபின். 1969-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடுமையான மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அடிப்படை மருந்து அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

என் சித்தப்பா மகனுக்கு அந்த நோய் வந்தபோது, வார்டில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மருந்துக் குப்பியின் மேல் இருந்த பெயரைப் படித்தேன். அதுவரை எனக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த சைட்டராபின், ஒரு குழாய் வழியாக அவன் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்று அவனுக்கு இரண்டு குழந்தைகள். கடல் மருந்தெல்லாம் வெறும் பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குப்பிக்காக ஒரு கடற்பஞ்சையும் யாரும் வெட்டவில்லை. கடல் கொடுத்தது சூத்திரத்தை மட்டும். சரக்கு தொழிற்சாலையில் தயாரானது. இந்த வேறுபாடு பிடிபட்டால்தான், மருந்துகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதும் பிடிபடும்.

இனி என் ஆய்வகத்துக்கு வருகிறேன். கடற்பஞ்சை நறுக்கி, கண்ணாடி ஜாடியில் மெத்தனால் என்ற கரைப்பானை ஊற்றி, வெளிச்சம் படாத அலமாரியில் சில நாள் ஊறவிடுவோம். வடிகட்டிய சாற்றைச் சுழல் ஆவியாக்கியில் வைத்தால் மெத்தனால் பறந்துபோய், குடுவையின் அடியில் பழுப்பு நிறத்தில் வெல்லப்பாகு போல ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்கும். கடல் உப்பு, கொழுப்பு, நிறமி, இவற்றோடு தேடுகிற பொருளும் இருந்தால் அதுவும் அந்தப் பாகுக்குள்தான். அதில் ஒரு துளியைக் காகித வில்லையில் ஏற்றி, பாக்டீரியா பூசிய அகார் தட்டில் (அகார் என்பது பாக்டீரியா வளர்க்கப் பயன்படும் கூழ்) வைத்துவிட்டு மறுநாள் காலை பார்க்க வேண்டும். வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் தெளிவான வட்டம் இருந்தால், சாற்றில் விஷயம் இருக்கிறது என்று பொருள்.

ஒருநாள் காலை அப்படி ஒரு வட்டம் இருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 17 மில்லிமீட்டர். ஆய்வகத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்பாக, விரல் விரலாகப் பிரிந்த ஒரு கடற்பஞ்சின் சாறு அது. ஆனால் கையில் மிஞ்சியிருந்த பாகு, உள்ளே இருக்கும் பொருளைத் தனியே பிரித்து அமைப்பைக் கண்டுபிடிக்கப் போதவில்லை. அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே படகுக்காரர்களிடம் சொல்லிவைத்து, அதே பக்கத்தில் இருந்து அதே போன்ற கடற்பஞ்சைப் பத்து மடங்கு அதிகமாகச் சேர்த்தேன். சாறு எடுத்தேன், வில்லை வைத்தேன். மறுநாள் தட்டு முழுக்கப் பாக்டீரியா வெண்மையாகப் படர்ந்திருந்தது. வட்டமே இல்லை. மூன்று முறை திரும்பச் செய்தும் இல்லை.

இரண்டும் ஒரே இனம்தானா என்று பார்க்கலாம் என்றால், முதல் ஆண்டு அடையாளத் துண்டு என்று தனியாக எதையும் எடுத்து வைக்கவில்லை. ஜாடியில் கிடந்த சீட்டில் பேனாவால் எழுதியிருந்தேன், மெத்தனாலில் மை கரைந்து நீலக் கறையாக நின்றது. அந்த 17 மில்லிமீட்டரைக் கொடுத்தது எது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படி நடப்பதற்கு ஒரு காரணம் கடற்பஞ்சின் உடம்பிலேயே இருக்கிறது. கடற்பஞ்சு தனி ஒரு உயிர் அல்ல, ஒரு குடியிருப்பு. சில வகைகளில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை பாக்டீரியாவாகவே இருக்கும். நாம் தேடுகிற பொருளை வீட்டுக்காரர் செய்கிறாரா, குடித்தனக்காரர் செய்கிறாரா என்பது பல நேரங்களில் தெரியாது. குடித்தனக்காரர் மாறினால் சரக்கும் மாறிவிடும்.

கரீபியன் கடலில், அலையாத்தி மரங்களின் வேர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் அசிடியன் என்ற பை போன்ற உயிர் ஒன்று உண்டு. அதன் சாறு புற்றுநோய்ச் செல்களைத் தாக்குகிறது என்று 1960-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ ஒரு டன் உயிர் தேவைப்பட்டது. அந்தப் பொருள்தான் டிரபெக்டெடின். மென்திசுப் புற்றுநோய்க்கான மருந்தாக ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தபோது ஆண்டு 2007. நடுவில் வழி திறந்தது எப்படி தெரியுமா? கடலோடு தொடர்பே இல்லாத ஒரு பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது தருகிற நெருங்கிய உறவுப் பொருள் ஒன்றை எடுத்து, மீதிப் பகுதியை வேதியியலால் கட்டி முடித்தார்கள். அசிடியனுக்குள் அந்தப் பொருளைச் செய்ததும் அதோடு சேர்ந்து வாழ்ந்த ஒரு பாக்டீரியாதான் என்று பிறகு தெரிந்தது.

ஜப்பானியக் கடற்பஞ்சின் கதை இன்னும் கடினம். 1986-ல் ஹிராட்டாவும் உவெமுராவும் 600 கிலோ கடற்பஞ்சில் இருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளைப் பிரித்தார்கள். கிடைத்தது 12.5 மில்லிகிராம். நீங்கள் காய்ச்சலுக்குப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை நாற்பதாக உடைத்தால் ஒரு துணுக்கு வருமே, அவ்வளவு. நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் கடலடியைச் சுரண்டி எடுத்தாலும் போதாது. ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு 1992-ல் அந்தப் பெரிய மூலக்கூறை ஆய்வகத்திலேயே முழுமையாகக் கட்டியது. கட்டிக்கொண்டிருக்கும்போதே, முழு மூலக்கூறும் வேண்டாம், வலப்பக்கப் பாதியே வேலை செய்கிறது என்பது தெரியவந்தது. அந்தப் பாதியில் இருந்து உருவானது எரிபுலின். அதைச் செய்யவும் அறுபதுக்கு மேற்பட்ட வேதியியல் படிகள் வேண்டும். பரவிய நிலையில் உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு 2010-ல் அனுமதி கிடைத்தது. கடற்பஞ்சில் இருந்து நோயாளி வரை 24 ஆண்டுகள்.

இந்த உயிர்கள் எதற்காக இப்படி வீரியமான பொருள்களைச் செய்கின்றன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். கடற்பஞ்சுக்கு ஓட்டம் இல்லை, ஓடு இல்லை, பல் இல்லை. மீன் கடித்தாலும், பக்கத்தில் வளர்கிற பவளம் நெருக்கினாலும் அதற்கு இருக்கிற ஆயுதம் வேதியியல் ஒன்றுதான். அந்த ஆயுதமும் தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகும். ஆகவே துளியளவே வேலை செய்தாக வேண்டும். நஞ்சு கொட்டும் கடல் நத்தையான கூம்பு நத்தைக்கும் அப்படித்தான். ஊர்ந்து போகிற நத்தை, நீந்துகிற மீனைப் பிடித்துத் தின்ன வேண்டும். கொட்டிய இடத்திலேயே மீன் சில நொடிகளில் அசையாமல் போகாவிட்டால் இரை தப்பிவிடும்.

நீங்கள் மாணவர் என்பதால் கூம்பு நத்தையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பால்டோமெரோ ஒலிவெரா பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் டி.என்.ஏ. ஆராய்ச்சி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, அந்த ஆராய்ச்சியைத் தொடரக் கருவிகள் இல்லை. கருவி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று யோசித்து, ஊர்க் கடலில் கிடைக்கும் கூம்பு நத்தைகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒரு வகை கொட்டி மனிதர்களே இறந்திருக்கிறார்கள். செயலிழக்கச் செய்யும் நஞ்சுகளை முதலில் பிரித்தார். பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரிடம் வேலை பார்த்த கிரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவர், நஞ்சை எலியின் வயிற்றில் செலுத்துவதற்குப் பதிலாக நேராக மூளையில் செலுத்திப் பார்ப்போம் என்றார். ஒலிவெராவுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் செய்ய விட்டார். நஞ்சைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செலுத்தியபோது ஒரு பகுதிக்கு எலி தூங்கியது, ஒன்றுக்கு நடுங்கியது, இன்னொன்றுக்கு ஓயாமல் சொறிந்துகொண்டது. ஒரே நஞ்சு என்று நினைத்தது, நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு பூட்டுகளுக்கான ஒரு சாவிக்கொத்து என்று அன்றைக்குத் தெரிந்தது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அதே ஆய்வகத்துக்கு வந்த மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற இளைஞர், இன்னொரு வகைக் கூம்பு நத்தையில் இருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தைப் பிரித்தார். தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கடத்துகிற ஒரு கால்சியம் வாயிலை அது அடைத்துவிடுகிறது.

2004-ல் சிக்கோனோடைடு என்ற பெயரில் அது மருந்தாக வந்தது. மார்பினைப் போல நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஆனால் பம்பு வைத்துத் தண்டுவட நீருக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டும். மனக்குழப்பம், பிரமை போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. அதனால் வேறு எந்த வலி மருந்தும் கேட்காதவர்களுக்கு மட்டுமே தருகிறார்கள். ஆயினும் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது மருந்து அல்ல, அந்த இரண்டு பையன்கள்தான். உங்கள் வயதுதான் அவர்களுக்கு.

இனி அந்தச் செய்திகள். "புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது" என்று எழுதியிருந்தால், கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் சாற்றை ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவமும் அந்தச் செல்களைக் கொல்லும். நல்ல செல்லை விட்டுவிட்டு நோய்ச் செல்லை மட்டும் கொல்கிறதா, இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, கல்லீரல் தாங்குமா என்று அதற்குப் பிறகு நூறு கேள்விகள் இருக்கின்றன. இந்த நூறையும் தாண்டாத ஒன்றை "கடல் அட்டை புற்றுநோயைக் குணமாக்கும்" என்று இணையத்தில் மாத்திரையாக விற்கிறார்கள். கீமோதெரபியை நிறுத்திவிட்டு அதை வாங்கிச் சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இன்று அவர் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிக் கேட்டால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் சங்கு பற்பம், முத்துப் பற்பம், பவள பற்பம், கடல் நுரை என்கிற கணவாய் ஓடு எல்லாம் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துள்ள ஓடுகளில் இருந்து செய்யப்படுபவை. நான் பேசுவது மென்மையான உயிர்களுக்குள் துளியளவு இருக்கும் மூலக்கூறுகளைப் பற்றி. இரண்டும் வேறு வேறு வழிகள்.

ஊர்க் கடலுக்கு வருவோம். மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்குகிற மருந்தாக மன்னார் வளைகுடா உயிர் எதில் இருந்தும் எதுவும் வரவில்லை. முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, பல ஆய்வகங்களைச் சேர்த்துக் கடலில் மருந்து தேடும் தேசியத் திட்டம் ஒன்று நடந்தது. கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பாசியில் இருந்தும் பச்சைக் கல்லுமேக்காய் என்ற சிப்பியில் இருந்தும் துணை உணவு மாத்திரைகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் நம் பக்கத்து ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்தத் தெளிவு வட்டத்தோடு நின்றுவிடுகிறது. சாறு எடுப்போம், வட்டத்தை அளப்போம், கட்டுரை வெளியிடுவோம், பட்டம் கிடைக்கும். உள்ளே இருக்கும் மூலக்கூறு எது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நானும் அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு. விலங்கியல் துறைக்கும் வேதியியல் துறைக்கும் நடுவில் ஒரு மைதானம்தான் இருக்கும். அதைக் கடந்து போய்ப் பேசாமலே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பலர்.

அதே நேரத்தில், எந்தப் பெருமையும் கேட்காமல் இந்தக் கடல் எங்கள் ஆய்வகத்துக்குக் கொடுத்த ஒன்று உண்டு. பாக்டீரியா பூசினேனே, அந்த அகார் தட்டு. அகார் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி இராமநாதபுரம் கடற்கரையில் விளைவது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தட்டுகளைக் காலில் கட்டித் துடுப்பாக்கி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பாறையில் கீறிய விரல்களை உப்புத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு மறுபடியும் மூழ்குவார்கள். எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் எந்த மாதம் என்ன வளரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் துறையில் யாருக்கும் தெரியாது. ஒரு ஆய்வுக் கட்டுரையிலும் அவர்கள் பெயரை நான் பார்த்ததில்லை.

எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று. சூத்திரம்தான் வேண்டும், சரக்கு வேண்டாம் என்றேன். சூத்திரத்தைப் படிக்கவாவது அந்த உயிர் கடலில் இருக்க வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்தப் பாறைகளில் ஒட்டியிருந்த கடற்பஞ்சுகளில் என்ன இருந்தது என்று ஒருவரும் ஒரு ஜாடியிலும் ஊறவைத்துப் பார்க்கவில்லை.

கடைசிக் கேள்வி: வரலாமா? வாருங்கள். ஆனால் முதுநிலையில் விலங்கியலோடு நிற்காமல் கரிம வேதியியலும் நுண்ணுயிரியலும் கற்றுக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் கிலோக் கணக்கில் வெட்ட வேண்டியதில்லை. கட்டைவிரல் அளவுத் துண்டில் இருந்தே டி.என்.ஏ.யை எடுத்து, எந்தப் பாக்டீரியா எந்தப் பொருளைச் செய்கிறது என்று தேட முடிகிறது. என் காலத்தில் அந்த வசதி எங்களுக்கு இல்லை. பவளமும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன, கடற்பஞ்சிலும் சில வகைகள் அதில் உண்டு. ஆகவே அனுமதிக் கடிதம் இல்லாமல் எதையும் தொடாதீர்கள், சங்காயத்தில் கிடந்தாலும் சரி.

சேகரிக்கப் போகும் முதல் நாளே, ஊறவைக்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைத் தனிக் குப்பியில் போட்டு வையுங்கள். தேதி, இடம், ஆழம், படகுக்காரர் சொன்ன பெயர், தண்ணீரில் இருந்து எடுத்தபோது இருந்த நிறம் எல்லாவற்றையும் கெட்டியான தாளில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மெத்தனாலில் பேனா மை நிற்காது.